1966 கார்வெட்டும் என் 39,000 டாலரும்

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு. 2021 மார்ச்சில் 71,500 டாலர் கொடுத்து 1966 கார்வெட் கன்வெர்டிபிள் ஒன்றை, அதாவது கூரையை மடிக்கக்கூடிய பழைய செவ்ரோலே ஸ்போர்ட்ஸ் காரை, வாங்கினேன். ஃப்ளோரிடாவிலிருந்து ஓஹையோவுக்கு மூடிய டிரெய்லரில் கொண்டுவர 1,900. டைட்டிலை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, என் பெயருக்கு மாற்றும்போது விற்பனை வரி 5,360. பிரேக் வேலைக்கு 2,250. உள்ளே இற்றுப்போயிருந்த இரும்பை வெட்டியெடுத்துப் புதிது வைக்க 16,400. கூட்டினால் 97,410. 2024 மே மாதம் அதே வண்டியை 58,000-க்கு விற்றேன். கையில் இருந்த மூன்று வருடத்தில் பதினோரு மாதம் அது ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. நான் ஓட்டியது 1,100 மைல் இருக்கும். மைலுக்கு 35 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வெளியே யாரிடமும் இதைச் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம். போன மாதம் டெக்ஸஸிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்து, “அண்ணா, ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணின கார்வெட்னு போட்டிருக்கான், அட்வான்ஸ் கட்டிடவா?” என்று கேட்டார். அன்றிரவு உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இது.

ஆசை எங்கிருந்து வந்தது என்றால், கென்டக்கியிலிருந்து. பிள்ளைகளை மேமத் குகைக்குக் கூட்டிப்போனபோது பக்கத்தில் பௌலிங் கிரீனில் கார்வெட் மியூசியம் இருக்கிறதே என்று எட்டிப்பார்த்தோம். 2014 பிப்ரவரியில் தரை திடீரென்று உள்வாங்கி எட்டு கார்வெட்டுகளை விழுங்கியதே, அதே மியூசியம். பிள்ளைகள் பள்ளத்தின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க, நான் ஸ்டிங் ரே என்ற 1966 கார்வெட் கன்வெர்டிபிள் முன்னால் நின்றுவிட்டேன். முன் சக்கரத்துக்கு மேல் எழும்பி, கதவில் இறங்கி, பின் சக்கரத்துக்கு மேல் மறுபடி எழும்பும் அந்த வளைவு. துணிக் கூரையைப் பின்னால் மடித்து மூடிவிட்டால் கூரை இருந்த அடையாளமே தெரியாது. அந்த வருடம் செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் செய்த 27,720 கார்வெட்டுகளில் 17,762 கன்வெர்டிபிள்தான் என்று படித்தபோது, இத்தனை செய்திருக்கிறார்களே, நமக்கு ஒன்று கிடைக்காதா என்று தோன்றியது. பொடி விதை. ஆறு வருடம் கழித்து, கொரோனாவில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நாட்களில் முளைத்துவிட்டது.

ஃப்ளோரிடாவில் பழைய வண்டிகளைப் பிறருக்காக விற்றுக்கொடுக்கும் கடை ஒன்றின் விளம்பரம். நாஸோ ப்ளூ நிறம், வெள்ளைக் கூரை, நாலு கியர், 327 கன அங்குல என்ஜினில் 350 குதிரைத்திறன் வகை. ‘ஃப்ரேம்-ஆஃப் ரெஸ்டோரேஷன், நம்பர்ஸ் மேட்சிங்.’ முதலாவதற்கு, உடலை அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து தனியே தூக்கிவைத்து எல்லாவற்றையும் புதுப்பித்தது என்று அர்த்தம். இரண்டாவது, தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின் இன்னும் வண்டியில் இருக்கிறது என்பது. விலையில் பாதி இந்த இரண்டு சொல்லுக்குத்தான். மொத்தம் 124 படங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். சூரிய அஸ்தமனத்தில், பனைமரத்தடியில், கூரை மூடி, கூரை திறந்து. அடிப்பக்கத்துக்கு ஒரு படம் இல்லை. உடலும் சேஸிஸும் தனித்தனியாக இருக்கும் படமும் இல்லை. அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். உண்மையிலேயே உடலைத் தூக்கி வேலை செய்தவன் அதைப் படம் எடுக்காமல் இருக்கமாட்டான். ஆயிரம் மணிநேரம் உழைத்தவனுக்கு அந்தப் படங்கள்தான் பெருமை. ரசீதும் படமும் இல்லாத ‘ரெஸ்டோரேஷன்’ என்றால் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து மாமனார் வீடியோவில் வந்தார். அந்தக் காலத்தில் அம்பாஸடர் வாங்கி விற்றவர், வண்டி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. “மாப்பிள்ளை, காந்தம் வெச்சுப் பாத்தீங்களா? பட்டி போட்டிருந்தா ஒட்டாது” என்றார். “மாமா, இது ஃபைபர்கிளாஸ் பாடி. காந்தம் எங்க வெச்சாலும் ஒட்டாது” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “பிளாஸ்டிக் வண்டிக்கா அம்பது லட்சம்?” நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் கேட்டது சரியான கேள்வி என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. கார்வெட்டில் காந்தமும் பயன்படாது, சாதாரண பெயின்ட் மீட்டரும் பயன்படாது. பார்க்க வேண்டிய விதமே வேறு. ‘ஃபைபர் துருப்பிடிக்காது, பிறகென்ன’ என்று நான் நினைத்தேனே, அங்கேதான் விழுந்தேன்.

கொலம்பஸில் இருக்கும் நண்பர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒன்றே ஒன்று சொன்னார்: “தம்பி, அந்த ஊர்லயே இதுக்குன்னு ஆள் இருப்பாங்க. காசு குடுத்து ஒருத்தரை அனுப்பிப் பாரு.” விசாரித்தேன். கார்வெட் மட்டுமே பார்க்கும் ஒருவர், வண்டியை லிஃப்டில் ஏற்றி, படத்தோடு அறிக்கை தர 550 டாலர் கேட்டார். ஆனால் வியாழக்கிழமைதான் வர முடியும். விற்பவரோ புதன்கிழமை இன்னொருவர் பார்க்க வருகிறார், ஆயிரம் டாலர் முன்பணம் கட்டினால் நிறுத்திவைக்கிறேன் என்றார். முன்பணம் திரும்ப வராது. கட்டினேன். கட்டிய பிறகு, இனி எப்படியும் வாங்கத்தானே போகிறோம், 550 எதற்கு என்று தோன்றிவிட்டது. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. அந்தப் புதன்கிழமை ஆள் உண்மையா பொய்யா என்று இன்றும் தெரியாது. ஐம்பத்தைந்து வருடம் காத்திருந்த வண்டி இன்னும் ஒரு நாள் காத்திருக்கும். காத்திருக்காவிட்டால் போகட்டும், வேறொன்று வரும். முன்பணம் கட்டுவதாக இருந்தால், ‘சோதனையில் குறை தெரிந்தால் திருப்பித் தரப்படும்’ என்ற ஒரு வரியை எழுதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள். எழுதித்தர மறுத்தால் அதுவே பதில்.

ஏப்ரலில் வண்டி வந்து இறங்கியது. வெளிமாநில வண்டி என்றால் ஓஹையோவில் டைட்டிலுக்கு முன் வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். முன் கண்ணாடி வழியே தேடினான், கதவைத் திறந்து தேடினான், கிடைக்கவில்லை. கண்ணாடி வழியே தெரியும்படி எண் வைப்பது 1968 கார்வெட்டிலிருந்துதான். 66-இல் அது டாஷ்போர்டின் உள்ளே, பயணி பக்கம், கையுறைப் பெட்டிக்குக் கீழே. நான் தரையில் படுத்து டார்ச் அடித்துக் காட்டினேன். 19467 என்று ஆரம்பித்தால் கன்வெர்டிபிள், 19437 என்றால் கூப்பே. அடுத்து வரும் 6 வருடத்தைச் சொல்லும், பிறகு தொழிற்சாலை ஊரின் எழுத்து, கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். பையன் டைட்டிலோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். வின் சரியாக இருந்தது. அதனால் மற்றதும் சரி என்று நானே ஒரு திருப்தி அடைந்துகொண்டேன். அந்தக் காலத்து வின்னில் என்ன என்ஜின் என்ற தகவலே கிடையாது, 1972-லிருந்துதான் அது வந்தது. 66 வண்டியை ‘350 குதிரை’ என்று சொல்ல வின்னால் முடியாது. யார் சொன்னாலும் வேறு ஆதாரம் கேட்க வேண்டும்.

சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கூரையை மடித்துவிட்டு மனைவியும் நானும் கிராமத்துச் சாலையில் போனோம். மக்காச்சோளத்துக்கு உழுதிருந்த மண் வாசனை, பெட்ரோல் வாசனை, மூன்றாவது கியரில் அந்த உறுமல். எதிரே வந்த டிராக்டர்காரர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். பஜ்ஜி வாங்கப் போனால்கூட இந்த வண்டியில்தான் போகணும் என்றாள். பஜ்ஜிக்கு அறுபது மைல் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.

மே மாதம் முதல் மழையில் பயணி பக்கம் கால்விரிப்பு நனைந்தது. கன்வெர்டிபிள் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று துண்டு போட்டுத் துடைத்தேன். பிறகு கதவைக் கவனித்தேன். கதவுக்கும் உடலுக்கும் நடுவே மேலே பென்சில் நுழையாது, கீழே சுண்டுவிரல் நுழைந்தது. ஜூனில் பிரேக் மிதி ஒரு நாள் மெத்தையில் கால் வைத்தது போல் இறங்கியது. 1965-லிருந்தே கார்வெட்டுக்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், டிஸ்க்கைப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நாலு பிஸ்டன். வார்ப்பிரும்பு உருளைக்குள் ஈரம் சேர்ந்தால் குழி விழும், குழி விழுந்தால் பிரேக் ஆயில் கசியும். ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியில் இது இன்னும் மோசம். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல் போட்ட காலிப்பர்கள்தான் தீர்வு. வாங்கும் முன் ‘குழல் போட்டதா, ரசீது உண்டா’ என்று கேட்டாலே விற்பவருக்கு விஷயம் தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

பிரேக்குக்காகப் போன இடத்தில்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. எழுபதைத் தாண்டிய கிழவர், நாற்பது வருடம் கார்வெட் மட்டுமே பார்த்தவர். வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு என்னிடம் எதுவும் பேசவில்லை. பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸிஸ் மேல்நோக்கி வளையும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். டிங், டிங் என்று கேட்டது. “இது பரவாயில்லை” என்றார். பிறகு வண்டியை இறக்கி, பயணி பக்கம் காலருகே இருந்த பக்கப்பலகையைக் கழற்றினார். கண்ணாடித் தூண் கீழே இறங்கி உட்காரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். சத்தமே இல்லை. இட்லியில் விரல் போவது போல உள்ளே போனது. வெளியே எடுத்தபோது பழுப்புத் தூள் கொட்டியது, உள்ளங்கையில் பிடித்து என்னிடம் காட்டினார்.

அந்த ஃபைபர் தோலுக்குள் ஓர் இரும்புக் கூடு இருக்கிறது. முன் கண்ணாடியைச் சுற்றி, கதவுக் கீல்களைத் தாங்கி, உடலைச் சேஸிஸோடு கட்டி நிற்பது அதுதான். கார்வெட்காரர்கள் அதைப் பறவைக்கூண்டு என்பார்கள். கண்ணாடி ரப்பர் வழியே இறங்கும் தண்ணீர் தூணுக்குள் போய் அடியில் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். தோல் துருப்பிடிக்காது என்பதால் வெளியே ஒரு கொப்புளம்கூட வராது. இரும்பு உடல் வண்டியாவது பெயின்ட் உப்பிக்கொண்டு காட்டிக்கொடுக்கும், இது கடைசிவரை சிரித்துக்கொண்டே இருக்கும். அதனால் நீங்கள் பார்க்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள், கதவு இடைவெளியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் காலருகே பக்கப்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள், நாலைந்து திருகுதான். தூணின் அடி, கண்ணாடியின் கீழ் மூலைகள், உடல் சேஸிஸில் உட்காரும் இடங்கள். அப்படியே சக்கர வளைவுக்குள் கையை விட்டு ஃபைபரின் உள்பக்கத்தைத் தடவுங்கள். தொழிற்சாலைப் பேனல் உள்ளேயும் வழவழப்பாக இருக்கும், விபத்துக்குப் பின் கையால் ஒட்டிய இடம் சொரசொரக்கும்.

“என்ஜினையும் பார்த்துவிடலாமா?” என்று கிழவர் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. பயணி பக்கம் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கிறது. எண்கள் அடித்திருப்பது அங்கேதான். துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தார், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். ‘எஃப் 1201 எச்.டி.’ எஃப் என்றால் ஃப்ளின்ட் என்ஜின் ஆலை, 1201 என்றால் டிசம்பர் 1, எச்.டி. என்பது 350 குதிரை. பக்கத்தில் வின்னின் கடைசி இலக்கங்கள், என் வண்டியின் எண்ணேதான். நான் மூச்சு விட்டேன். அவர் கட்டைவிரலால் அந்த இடத்தை முன்னும் பின்னும் தேய்த்து, “வழுவழுப்பு” என்றார். ஆலையில் அந்தத் தளத்தைச் செதுக்கும் இயந்திரம் மெல்லிய நேர்கோடுகளை விட்டுச்செல்லும், இசைத்தட்டின் கோடு போல. இதில் கோடே இல்லை. பிறகு என்ஜினின் பின்விளிம்புக்கு ஒரு முகக்கண்ணாடியை நீட்டி, வார்க்கும்போதே விழுந்த தேதியைக் காட்டினார்: ‘சி 11 6.’ சி என்றால் மூன்றாம் மாதம். 1966 மார்ச் 11. மார்ச்சில் வார்த்த இரும்பை முந்தின டிசம்பரில் எப்படிப் பூட்டியிருப்பார்கள்? பிள்ளைக்கு முன்னால் பெயர்சூட்டு விழா. யாரோ வேறொரு என்ஜினின் தளத்தை இழைத்து, வேண்டிய எண்ணை அடித்து வைத்திருக்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து காரேஜில் விளக்கைப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் போனதைவிட, 124 படம் பார்த்தும் ஏமாந்தேனே என்பதுதான் அறுத்தது. தொழிலே மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது! மனைவி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சாப்பிட வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

வக்கீலைப் பார்த்தேன், ஒரு மணிநேரத்துக்கு 400 (மேலே கணக்கில் இதைச் சேர்க்கவில்லை). ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று இருந்தது, ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பது விளம்பரத்தில் மட்டும்தான் இருந்தது. கடைக்காரர், உரிமையாளர் சொன்னதை அப்படியே போட்டோம் என்றார். வழக்குப் போட்டால் செலவு வண்டியை விழுங்கும் என்று வக்கீலே சொல்லிவிட்டார். விளம்பரத்தில் இருக்கும் ஒவ்வொரு பெரிய சொல்லும் விற்பனைச் சீட்டில் வர வேண்டும். வராது என்றால், அந்தச் சொல்லுக்கான விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். 1974-லிருந்து இயங்கும் கார்வெட் ரெஸ்டோரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. வின் கொடுத்தால் வண்டி எந்த டீலருக்கு அனுப்பப்பட்டது என்ற அறிக்கை தருவார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் என்ன என்ஜினோடு போனது என்பதை அது சொல்லாது. 67 வண்டிகளிலிருந்து பெட்ரோல் டாங்கின் மேல் ஒட்டிய தாளில் அந்த விவரம் கிடைக்கலாம். என்னுடையது 66.

பழுது வேலை முதலில் 6,000 என்றுதான் ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றியதும் டிரைவர் பக்கத் தூணும் போயிருந்தது தெரிந்தது. ஃபைபருக்குப் பக்கத்திலேயே வெல்டிங், சூடு பட்டால் கருகும். கொஞ்சம் ஒட்டு, கொஞ்சம் ஆறவிடு. கடைசியில் முன்பகுதிக்கு மறுபடி பெயின்ட். மின்னும் நீலத்தைப் பாதி உடலுக்கு மட்டும் அடித்தால் நிறம் ஒத்துப்போகாது, கதவுவரை இழுக்க வேண்டும். இடையில் ஒரு பாகத்துக்காக இரண்டு மாதம் சும்மா நின்றது. இந்த வேலைக்குக் கணிப்பு கொடுத்தால் மனதுக்குள் இரண்டரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். வாராவாரம் போய்ப் படம் எடுங்கள். சந்தேகத்துக்காக இல்லை, நாளைக்கு விற்கும்போது அந்தப் படங்கள்தான் பேசும். இன்ஷூரன்ஸில் ஒரு வார்த்தை: சாதாரண பாலிசி போட்டால் ஐம்பது வருடத் தேய்மானம் கழித்துப் பிச்சைக்காசு தருவார்கள். மதிப்பை முன்னாலேயே ஒத்துக்கொள்ளும் பழைய வண்டிப் பாலிசி போடுங்கள், பிரீமியமும் குறைவு. வருமான வரியில் இந்த நஷ்டத்தைக் கழிக்கலாமா என்றும் கேட்டேன். சொந்த உபயோக வண்டிக்குக் கிடையாது.

2024 வசந்தத்தில் விற்க முடிவெடுத்தேன். எனக்கு விற்றவர் மாதிரியே நானும் விளம்பரம் போடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, மறைக்க விரும்பவில்லை. ‘என்ஜின் இந்த வண்டியோடு பிறந்தது இல்லை, எண் பிறகு அடிக்கப்பட்டது’ என்று முதல் வரியிலேயே எழுதினேன். துருப்பிடித்த தூணின் படம், வெட்டிய படம், புது இரும்பின் படம், 31 ரசீதுகள். விலை 60,000. ஒருவர் வண்டியைப் பார்க்காமலேயே 64,000-க்கு வங்கிக் காசோலை அனுப்பி, மீதி 4,000-ஐ அவருடைய லாரிக்காரருக்கு அனுப்பச் சொன்னார். இது பழைய வித்தை. காசோலை போலி என்று வங்கி சொல்ல வாரங்கள் ஆகும், அதற்குள் உங்கள் 4,000 போயிருக்கும். பணம் வாங்குவது வாங்குபவரின் வங்கியிலேயே, உங்கள் கண் முன்னால் நடக்கட்டும்.

மே மாதம் இண்டியானாவிலிருந்து ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற விவசாயி. வந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து டிரைவ்வேயில் விரித்து, வண்டிக்கு அடியில் போய்விட்டார். நாற்பது நிமிடம். வெளியே தெரிந்தது பூட்ஸ் மட்டும்தான். நீலத்தை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து இடது பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். “பேரிங் ஆடுகிறது, 2,000 குறை.” மூன்று வருடம் என்னிடம் இருந்த வண்டி, எனக்குத் தெரியாது. குறைத்தேன். பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து, காபி ஆறும்வரை ரசீதுகளை ஒவ்வொன்றாகத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார். வண்டியைப் பார்த்ததைவிட அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

ஓஹையோவில் விற்பவர் கையெழுத்தை நோட்டரி முன்னால்தான் டைட்டிலில் போட வேண்டும், அவசரத்தில் வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள். அவருடைய வங்கியின் கிளை ஒன்று எங்கள் ஊரில் இருந்தது, நோட்டரியும் அங்கேயே. நம்பர் பிளேட்டை நான் கழற்றிக்கொண்டேன், அவர் கொண்டுவந்திருந்த தற்காலிகத் தாளை ஒட்டினார். பணம் ஏறியதும் கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினார், குளிர் இன்னும் விடவில்லை, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆயில் சொட்டுக்காகக் கீழே வைத்திருந்த அலுமினியத் தட்டு மட்டும் காரேஜில் மிஞ்சியது. மனைவி அதைத் தேய்த்துக் கழுவி, கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.